இறங்கிய ஹெச்பிஏ1சி, இறங்காத சுகர்: ஒரு சப்ளிமெண்ட் பையின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண்மணி ஒரே நபர் அல்ல. சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் சப்ளிமெண்ட் எடுக்கும் பலரிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல்களைக் கோர்த்து ஒருவர் மேல் வைத்திருக்கிறோம். அவருடைய பரிசோதனை எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. அவற்றுக்குப் பின்னால் உள்ள மருத்துவமும், மேற்கோள் காட்டும் ஆய்வுகளும் உண்மையானவை.

நபரும் தொடக்க நிலையும்

வயது 51, எடை 68 கிலோ. எட்டு வருடமாக இரண்டாம் வகை சர்க்கரை நோய். சுகருக்கு மெட்ஃபார்மின் 1 கிராம் காலை இரவு, க்ளிமெபிரைடு 1 மி.கி. காலை, தைராய்டுக்கு தைராக்ஸின் 50 மைக்ரோகிராம். இரண்டு முழங்காலிலும் வலி, படி ஏறினால் அதிகம். தொடக்கத்தில், மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2, வெறும் வயிற்றில் 132, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 214. அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி 5.8. ஹீமோகுளோபின் 10.1, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, பி12 அளவு 160.

கடைசி மூன்று எண்கள்தான் இந்த வழக்கின் சாவி. முதல் சந்திப்பில் அவற்றை யாரும் சர்க்கரையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 84, அதாவது ஒழுங்கு. இரும்புச்சத்துக் குறைவு அணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி நடுவில் வந்து நின்று, எல்லாம் சரி என்று ஏமாற்றும். அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் ஆர்டிடபிள்யூ அறிக்கையில் உயர்ந்திருந்ததுதான் ஒரே தடயம். மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இரத்தசோகைக்கு மருத்துவர் இரும்பு மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கினார்.

அதே வாரத்தில், மருத்துவரிடம் சொல்லாமல், சப்ளிமெண்ட்டுகளும் தொடங்கின. வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய டப்பாக்கள் பாதி, இங்கே வாங்கியவை மீதி.

மூன்று மாதம் கழித்து

ஹெச்பிஏ1சி 7.3. ஹெச்எஸ்-சிஆர்பி 1.9. முழங்கால் வலி அநேகமாக இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மகன் அடுத்த ஆர்டரும் போட்டுவிட்டார். எண்ணை மட்டும் பார்த்தால் சப்ளிமெண்ட் வேலை செய்த வழக்கு இது.

ஆனால் இரண்டு விஷயம் பொருந்தவில்லை. ஒன்று, ஒரு நாள் காலை 11.30-க்குக் கை நடுங்கி வியர்த்து, பார்த்தால் சுகர் 62. இரண்டு, கல்லீரல் பரிசோதனையில், கல்லீரல் அணுக்கள் பாதிக்கப்பட்டால் உயரும் எஸ்ஜிபிடி 24-லிருந்து 96-க்கு ஏறியிருந்தது. பிலிருபின் ஒழுங்கு, மஞ்சள் காமாலை அறிகுறி இல்லை, ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ்.

மூன்று மாதமாக அவர் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றுச் சுகரை மட்டும்தான் பார்த்து வந்தார். பெரும்பாலானோர் செய்வது அதுதான். மூன்று நாளைக்கு ஏழு புள்ளி எடுக்கச் சொன்னோம்: மூன்று வேளைக்கும் சாப்பாட்டுக்கு முன், இரண்டு மணி நேரம் பின், படுக்கும்போது ஒன்று. வந்த சராசரி: காலை முன் 128, பின் 182, மதியம் முன் 136, பின் 262, இரவு முன் 231, பின் 248, படுக்கும்போது 220. ஏழின் சராசரி 201.

ஹெச்பிஏ1சி-யைச் சராசரிச் சுகராக மாற்றும் சூத்திரம் எளிது. 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 7.3 என்றால் சராசரி 163 இருக்க வேண்டும். மீட்டர் 201 என்கிறது. ஏழு புள்ளி முறை சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை அதிகம் எண்ணுவதால் கொஞ்சம் கூட்டிக் காட்டும், சரி. அதற்காக 38 வித்தியாசம் வராது. ஃப்ரக்டோசமைன் எடுத்தோம். அது சிவப்பணுவைச் சாராமல், இரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று வார நிலையைச் சொல்லும். வந்தது 390. ஹெச்பிஏ1சி கணக்கில் ஏறத்தாழ 8.2.

அதாவது, தொடக்கத்தில் அறிக்கை காட்டிய 8.2-தான் இப்போதைய உண்மை நிலை. அறிக்கையில் உள்ள எண் குறைந்திருக்கிறது, சுகர் குறையவில்லை.

எண் ஏன் பொய் சொன்னது

ஹெச்பிஏ1சி அளப்பது சிவப்பணுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை. அணு எவ்வளவு நாள் உலவுகிறதோ அவ்வளவு ஒட்டும். இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்தால் புதிய அணுக்கள் பிறப்பது மந்தமாகி, ஓட்டத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடும். சுகர் அதேதான், ஹெச்பிஏ1சி மட்டும் உயரும். இரும்பும் பி12-ம் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டு இளம் அணுக்களை அள்ளிக் கொட்டும். அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரம் கிடைத்திருக்காது. ஹெச்பிஏ1சி சரசரவென்று இறங்கும்.

ஆக, தொடக்கத்தில் இருந்த 8.2-ம் நம்பத்தக்கதல்ல, அது கொஞ்சம் உயர்த்திக் காட்டியது. இப்போதைய 7.3-ம் நம்பத்தக்கதல்ல, இது தாழ்த்திக் காட்டுகிறது. உண்மையில் இந்த மூன்று மாதத்தில் சுகர் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். இரத்தசோகைக்குச் சிகிச்சை நடக்கும் காலத்தில் எந்தச் சப்ளிமெண்ட்டையும் ஹெச்பிஏ1சி-யை வைத்து மதிப்பிடக் கூடாது. ஹீமோகுளோபின் நிலைத்து மூன்று மாதம் ஆன பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அதுவரை ஃப்ரக்டோசமைனும் மீட்டரும்தான்.

சப்ளிமெண்ட் விற்பவர்கள் காட்டும் 'முன், பின்' ரிப்போர்ட்டுகளில் ஹீமோகுளோபின் என்ன என்று யாரும் கேட்பதே இல்லை.

பையில் இருந்தவை

"அம்மா, அடுத்த தடவை வரும்போது எல்லா டப்பாவையும் பையோட அப்படியே கொண்டு வாங்க. பேரைச் சொன்னாப் போதாது, லேபிளைப் பார்க்கணும்." இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். பையில் ஆறு இருந்தன.

முதலாவது, மஞ்சளின் சாரமான கர்குமின் 500 மி.கி. கேப்சூல், காலை ஒன்று இரவு ஒன்று. 'சாதாரண மஞ்சள்தானே' என்று நினைத்து எடுத்தது. லேபிளில் 95 சதவீத கர்குமினாய்டு என்றும், பைப்பரின் 5 மி.கி. என்றும் போட்டிருந்தது. சமையல் மஞ்சள் தூளில் கர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு நாள் சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் சேர்த்து வயிற்றுக்குள் போகும் மஞ்சள் இரண்டு மூன்று கிராம், அதில் கர்குமின் 60 முதல் 90 மி.கி. இந்த இரண்டு கேப்சூலில் 950 மி.கி. மஞ்சள் தூளாகவே சாப்பிட்டால் 30 கிராமுக்கு மேல் விழுங்க வேண்டும். உணவுச் சேர்க்கைப் பொருளாகக் கர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்த நிபுணர் குழு வகுத்த தினசரி உச்சம் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. இவருக்கு அது 204 மி.கி.

அதோடு மிளகின் சாரமான பைப்பரின். கர்குமின் தனியாகப் போனால் குடலும் கல்லீரலும் பெரும்பகுதியை உடனே மாற்றி வெளியேற்றிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 2 கிராம் கர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்துக்குப் போய்ச் சேர்வது 20 மடங்கு ஆனது. விளம்பரங்களில் '2000 சதவீதம்' என்று வருவது இதுதான். ஆனால் பைப்பரின் திறந்துவிடும் கதவு கர்குமினுக்கு மட்டுமல்ல. ப்ரொப்ரனலால், தியோஃபிலின், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் உயர்வதாக மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள்.

கல்லீரல் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் சப்ளிமெண்ட்டால் வந்த பாதிப்பு என்று 10 பேரைப் பதிவு செய்தது. பத்தும் 2011-க்குப் பிறகு வந்தவை. 5 பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். பத்தில் 7 பேருக்கு ஹெச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. ஆக, எல்லோருக்கும் வரும் நச்சு அல்ல இது. உடல்வாகு பொருந்துகிற சிலருக்கு வருவது. வழக்கமாகத் தொடங்கிய ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் தலைகாட்டும். இவருக்கு மூன்றாவது மாதம்.

சுகருக்குக் கர்குமின் ஒன்றுமே செய்யாதா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. 2012-இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 240 பேரில் ஒன்பது மாதம் கர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை, போலி மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதத்தினருக்கு வந்தது. இவ்வளவு சுத்தமான முடிவு வந்தால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முதலில் வர வேண்டும். பெரிய அளவில் வேறு இடங்களிலும் அதே முடிவு வந்தால்தான் நம்பலாம். தவிர, அது நோய் வராதவர்களைப் பற்றியது. எட்டு வருடம் க்ளிமெபிரைடு வரை வந்தவருக்கு அதை நீட்ட முடியாது.

இரண்டாவது, பெர்பெரின் 500 மி.கி., தினம் இரண்டு. மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் நிறச் சாரம் இது. இந்தப் பையில் சுகரை உண்மையாகவே இறக்கக்கூடிய பொருள் இது ஒன்றுதான் என்பது எங்கள் கணிப்பு. அதனாலேயே இதை உணவு என்று நினைக்காமல் மருந்து என்று நினைக்க வேண்டும். க்ளிமெபிரைடைக் கல்லீரலில் உடைக்கும் நொதி சிஒய்பி2சி9. தினம் 900 மி.கி. பெர்பெரின் இரண்டு வாரம் எடுத்த ஆரோக்கியமானவர்களிடம் அந்த நொதியின் வேலை மந்தமானது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அதாவது 1 மி.கி. க்ளிமெபிரைடு எடுத்தாலும் உடலுக்குள் அது அதிக நேரம் நிற்கும். அன்று காலை இவர் ஒரே ஒரு இட்லியோடு கிளம்பியிருக்கிறார். 11.30-க்கு 62 வந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பெர்பெரினைத் தொடவே கூடாது. பச்சிளங் குழந்தைக்கு மஞ்சள் காமாலையை மோசமாக்கும்.

மூன்றாவது, பட்டைத் தூள் கேப்சூல், தினம் 2 கிராம். 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த சிறு ஆய்வில் 1, 3, 6 கிராம் என மூன்று அளவிலும் வெறும் வயிற்றுச் சுகர் 18 முதல் 29 சதவீதம் குறைந்தது. உலகமே பட்டை வாங்கக் கிளம்பியது அதற்குப் பிறகுதான். 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 10 ஆய்வுகளை, 577 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது எந்தப் பட்டை என்பது. தடித்த ஒற்றைச் சுருளாக இருக்கும் காசியா வகையில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் உண்டு, கிராமுக்குச் சுமார் 3 மி.கி., மாதிரிக்கு மாதிரி பெரிதும் மாறும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த உச்சம் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி. இவருக்கு 6.8 மி.கி.; கேப்சூலில் போனது ஏறத்தாழ 6. எல்லையை ஒட்டித்தான் போகிறார், அதுவும் கல்லீரல் ஏற்கெனவே முனகும்போது. சுருட்டு போல மெல்லிய தாள்கள் அடுக்கிச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகமிகக் குறைவு. பட்டையாக வாங்கினால் கண்ணால் பிரித்தறியலாம். தூளாக்கிக் கேப்சூலில் அடைத்த பிறகு முடியாது.

நான்காவது, மீன் எண்ணெய் 1000 மி.கி., தினம் ஒன்று. டப்பாவின் முன்பக்கம் 1000, பின்பக்கம் பார்த்தால் இபிஏ 180, டிஹெச்ஏ 120. வேலை செய்யும் பொருளான ஒமேகா-3 300 மி.கி.தான். இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு இறங்க 2 முதல் 4 கிராம் தேவை, அந்த அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த அசெண்ட் ஆய்வில், தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களில் 8.9 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 9.2 சதவீதத்தினருக்கும் தீவிர இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது. வித்தியாசம் இல்லை என்றே பொருள்.

ஐந்தாவது முடி உதிர்வுக்கான பயோட்டின் 10 மி.கி. சுகருக்கும் அழற்சிக்கும் தொடர்பில்லாதது என்றாலும் பையில் இருந்ததால் பேச வேண்டும். சில ஆய்வக இயந்திரங்களில் இது தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதை நம்பித் தைராக்ஸினைக் குறைத்துவிட்டால் வேறு வம்பு. இரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் போதும்.

ஆறாவது பொட்டலம்

வலிக்கு என்று ஒரு கடையில் வாங்கிய பழுப்புத் தூள். காலையில் அரை ஸ்பூன் வெந்நீரில். லேபிள் இல்லை, உரிம எண் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை. 'மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நான்கே நாளில் வலி போனதாம்.

முழங்கால் தேய்மான வலி நான்கு நாளில் போகாது. அவ்வளவு வேகமாகப் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டீராய்டு அல்லது வலிநிவாரணிக் கலப்படத்தை. மேலே கொடுத்த ஏழு புள்ளியை மறுபடி பாருங்கள். காலை 128, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 262, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னிருந்து படுக்கும்வரை 220-க்குக் குறையவில்லை. காலையில் விழுங்கும் ப்ரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு கீறும் கோடு இதுதான்: வெறும் வயிற்றுச் சுகரை அதிகம் தொடாது, மதியத்துக்கு மேல் ஏற்றிவிடும். காலையில் மட்டும் குத்திப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. சிஆர்பி 5.8-லிருந்து 1.9-க்கு வந்த மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. கர்குமின் வாங்கிக்கொண்ட பெயர் ஸ்டீராய்டுக்கு உரியது.

இந்தக் கலப்படம் கற்பனையல்ல. மூட்டு வலிக்கான 'ஆர்ட்ரி கிங்' என்ற சப்ளிமெண்ட்டில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியும் இருப்பதாக அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல் எச்சரித்தது. சுகர் பக்கம் பார்த்தால், 2008-இல் சிங்கப்பூரில் க்ளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்த, ஆண்மை ஊக்கி என்று விற்ற பொருட்களால் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 4 பேர் இறந்தார்கள்.

முழங்காலில் ஊசி போட்டீர்களா, களிம்பு தடவினீர்களா, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் உண்டா என்று கேட்டு, எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு காலை 8 மணிக்கு, உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலை அளந்தோம். 3.1, மிகக் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடல் தன் சொந்த உற்பத்தியை மூடி வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஆபத்து. தூளைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னால், அடுத்த காய்ச்சலிலோ வாந்தி பேதியிலோ இரத்த அழுத்தம் சரிந்து விழலாம். அளவு தெரியாத தூளைத் தொடரவும் முடியாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் தூளை நிறுத்தி, கார்டிசாலின் மாத்திரை வடிவமான ஹைட்ரோகார்டிசோன் காலை 10, மதியம் 5 மி.கி. என்று தெரிந்த அளவைக் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். ஆறாவது வாரம் கார்டிசால் 9, பத்தாவது வாரம் 13 வந்தபின் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

கல்லீரலுக்காகக் கர்குமின், பெர்பெரின், பட்டை மூன்றும் அதே நாளில் நின்றன. ஆறு வாரத்தில் எஸ்ஜிபிடி 38. காரணம் கர்குமின்தானா என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. மூன்றையும் தூளையும் ஒன்றாக நிறுத்தியதன் விலை அது. காலக்கணக்கும் பைப்பரினும் கர்குமினையே காட்டுகின்றன. சந்தேகத்தைத் தீர்க்க மறுபடி கொடுத்துப் பார்ப்பது கூடாது. கல்லீரல் இரண்டாவது முறை இன்னும் கடுமையாகப் பாதிக்கப்படலாம். கர்குமின் இவருக்கு நிரந்தரமாகக் கிடையாது. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. சீந்தில் பொடி எடுக்கலாமா என்றும் கேட்டார். 2020-இன் கடைசி மாதங்களில் மும்பையில் சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகி, பிறகு பல மையங்களில் 43 பேர் வரை தொகுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கல்லீரலுக்கு அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஒவ்வொன்றாக மறுதொடக்கம்

எட்டு வாரம் எந்தச் சப்ளிமெண்ட்டும் இல்லை. இரும்பும் பி12-ம் தொடர்ந்தன. அவை குறை தீர்க்கும் மருந்து. நேர அட்டவணைதான் இதில் பாதி வேலை. காலை 6 மணிக்குத் தைராக்ஸின் தண்ணீரோடு மட்டும். இரும்பு மாத்திரை 11 மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு, முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ காபி இல்லாமல். தைராக்ஸினுக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். முன்பு இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சோதிக்க வெந்தயத்தைத் தேர்ந்தெடுத்தோம். காரணம், இது எப்படி வேலை செய்கிறது என்பதில் மர்மம் குறைவு. விதையில் உள்ள கேலக்டோமன்னன் நார் குடலில் கூழாகி, சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வுகளில் கொடுத்தது தினம் 25 கிராம், முதலாம் வகை நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய தூள் 100 கிராம் வரைகூட. ஊறவைத்து விழுங்கும் ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம்தான். அதிலும் முழு விதையை மெல்லாமல் விழுங்கினால் கணிசமான பகுதி அப்படியே வெளியே போகும். வெந்தயம் பலன் தரவில்லை என்பவர்களில் பலர் வெந்தயத்தைச் சரியாகச் சாப்பிட்டதே இல்லை.

முதல் வாரம் தினம் 5 கிராம் பொடி, பிறகு 10 கிராம். காலைக்கும் இரவுக்கும் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன் 5 கிராம் வீதம், ஒரு டம்ளர் மோரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். சமையலறைத் தராசில் எடை போட்டே எடுக்க வேண்டும். ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். எடுத்த எடுப்பில் 10 கிராம் என்று தொடங்கினால் வயிறு உப்பி மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். வியர்வையில் ஒரு வாசனை வரும், அது ஒன்றும் செய்யாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. நார் மாத்திரைகளையும் பிடித்து வைக்கும் என்பதால் தைராக்ஸினுக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரமாவது தள்ளி நிற்க வேண்டும்.

அளந்த விதம்: ஒரே தட்டு. மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார், சட்னி இல்லை, காலை 8.30 மணி. சாப்பிடும் முன் ஒரு குத்தல், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று. வெந்தயம் இல்லாமல் ஐந்து நாள், வெந்தயத்தோடு ஐந்து நாள். ஐந்து நாள் ஏன் என்றால், சர்வதேசத் தரப்படி நல்ல குளுக்கோமீட்டருக்கே 100-க்கு மேல் 15 சதவீதம் முன்பின் அனுமதி உண்டு. 180 என்று காட்டினால் அது 157-ஆகவும் இருக்கலாம், 210-ஐத் தொடவும் செய்யலாம். ஒரு நாள் 15 குறைந்தது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரல் வெகுவாகக் கூட்டிக் காட்டும். தோலில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லிப்ரே வகைகள் சிலவற்றில் தினம் 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் சுகர் உயர்ந்து காட்டும்.

கிளம்பும் முன்பே வைத்த விதி: இட்லிக்குப் பின் ஏறும் அளவு சராசரியாக 10-ஆவது குறையாவிட்டால் நிறுத்திவிடுவது, எங்காவது 70-க்குக் கீழே போனால் அன்றே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, மருத்துவரைக் கூப்பிடுவது. விதியைப் பின்னால் வைத்தால் எந்த எண்ணும் வெற்றியாகத் தெரியும்.

இட்லி ஏற்றம் சராசரி 78-லிருந்து 63-க்கு இறங்கியது. வெறும் வயிற்றுச் சுகரில் மாற்றம் இல்லை. நார் செய்யும் வேலைக்கு இதுதான் பொருந்தும் பலன்.

வைட்டமின் டி அளவு 24 என்று வந்தது. குறைவு என்பதால் எலும்புக்காகக் கொடுக்கப்பட்டது, சுகருக்காக அல்ல. 2019-இல் வெளிவந்த டி2டி ஆய்வில், நோயின் வாசலில் இருந்த 2,423 பேருக்குத் தினம் 4000 யூனிட் கொடுத்தும் சர்க்கரை நோய் வருவது புள்ளிவிவரப்படி குறையவில்லை. சத்துக் குறைபாடு இல்லாதவர்கள் சுகருக்காக வைட்டமினோ தாதுவோ மூலிகையோ எடுக்க ஆதாரம் போதாது என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிலையும்.

சிறுகுறிஞ்சான் மூலிகை பற்றி அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1990-இல் சென்னைப் பல்கலைக்கழகக் குழு, இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்குத் தினம் 400 மி.கி. சாரத்தை 18 முதல் 20 மாதம் கொடுத்து, ஐந்து பேர் வழக்கமான மாத்திரையையே விட்டதாகப் பதிவு செய்தது. ஆனால் குலுக்கல் முறையில் பிரிக்காத சிறு ஆய்வு, அதற்குப் பிறகு அதே பலத்தில் பெரிய ஆய்வு வரவில்லை. க்ளிமெபிரைடோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம், கல்லீரல் பாதிப்பு அறிக்கையும் உண்டு. இவர் பட்டியலில் அது ஏறவில்லை.

அழற்சி எங்கே இருந்தது

தூள் நின்றதும் சிஆர்பி 4.1-க்குத் திரும்பியது, முழங்கால் வலியும் திரும்பியது. ஹெச்எஸ்-சிஆர்பி 1-க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் அதிகம், 10-ஐத் தாண்டினால் ஏதோ தொற்றோ வேறு கடும் அழற்சியோ இருக்கலாம். சளி காய்ச்சல் அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஒரே எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்வதில்லை. இரண்டாவது முறை 4.4.

வாயைத் திறந்து பார்த்ததில் ஈறு வீங்கி, தொட்டால் இரத்தம் வந்தது. பல் மருத்துவர் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார், இரண்டு அமர்வு. 2022 காக்ரேன் தொகுப்பில், ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளின் ஹெச்பிஏ1சி மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 குறைந்தது. பையில் இருந்த ஆறு டப்பாவில் எதற்கும் இவ்வளவு திடமான ஆதாரம் கிடையாது. ஆனாலும் பல் மருத்துவரிடம் போகச் சொன்னால் சலித்துக்கொள்பவர்கள், கேப்சூல் என்றால் உடனே வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் சிஆர்பி 2.6.

முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து விநாடி பிடித்தல், காலுக்குப் பத்து முறை, தினம் இரண்டு வேளை. வலி முழுதாகப் போகவில்லை, படி ஏறும்போது பாதியானது.

ஹீமோகுளோபின் 12.4-இல் மூன்று மாதம் நிலைத்த பிறகு எடுத்த ஹெச்பிஏ1சி 7.4, ஃப்ரக்டோசமைன் 335. அது ஏறத்தாழ 7.3-க்குச் சமம். இரண்டும் இப்போது ஒரே பேச்சைப் பேசுகின்றன. மதியத்துக்குப் பிந்தைய சுகர் 170-ஐ ஒட்டி வந்துவிட்டது. அதில் பெரும்பங்கு ஸ்டீராய்டு நின்றதற்கு.

வெந்தயத்தை மட்டும் நான்கு வாரம் நிறுத்தி இட்லித் தட்டை மறுபடி அளந்தோம். ஏற்றம் 76. ஆகவே அது தொடர்கிறது, மாதம் 300 கிராம், அரைத்த தேதி எழுதிய ஒரே டப்பாவில்.